கொழும்பு வழியாக ஒரு மருமகள்

சாமி,

நீ சிரித்தாலும் பரவாயில்லை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீ மட்டும் தனியாக வந்து இறங்கினாயே, அப்போது உன் மனைவிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தது நான்தான். வேறு என்ன சொல்வது? டிரான்சிட், விசா, இமிக்ரேஷன் என்று நீ சொன்னதில் எனக்கே பாதி விளங்கவில்லை. அதை எதிர்வீட்டுப் பாவாயி அக்காவுக்கு நான் எப்படி விளக்குவது? அம்மை என்றால் நம் பக்கத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனால் நான் சொன்ன பொய் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. பாவாயி அக்கா உன் மனைவி பேரில் மாரியம்மனுக்குத் தண்ணீர் ஊற்றினாள், நேர்ந்துகொண்டு கவுச்சியை நிறுத்தினாள். அதனால்தான் இந்தத் தடவை நீங்கள் வந்ததும் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மருமகள் மரிசெலின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஒரு வடுவையுங் காணமே! அந்தூர்ல என்ன மருந்து போட்டாங்களோ!" என்று பாவாயி அக்கா அதிசயப்பட்டாள். நீ அதைப் பாசம் என்று நினைத்தாய். மரிசெல் அதை நம் ஊரில் வணக்கம் சொல்லும் முறை என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவள், பாவாயி அக்காவின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, நிதானமாகப் பார்த்து, சிரித்துவிட்டு வந்தாளாம். தன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அக்கா இன்னும் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். அந்தச் சரிப்பாவை நான் நம்புவதில்லை. "டீசல் புல்லா இருக்குதுங்க" என்று முதலாளியிடம் சொல்லுகிற டிரைவர்களைப் பார்த்தவன் நான். நானே அப்படிச் சொன்ன டிரைவர்தான் என்பதால் இன்னும் கூடுதலாக நம்ப மாட்டேன். டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நம் பஞ்சர் கடையில் வண்டி வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். அதற்குத்தானே உன்னை ஐடிஐ வரைக்கும் படிக்க வைத்தேன்.

லாரித் தொழிலில் இருந்தவனுக்குச் சந்தேகம் என்பது ஸ்டெப்னி மாதிரி. அது இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. மாலத்தீவில், மாலேயில் ஒரு ஓட்டலுக்கு ஏசி மெக்கானிக்காகப் போன நீ, அதே ஓட்டலில் வரவேற்பில் நிற்கிற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது நான் ஒன்றும் கோபப்படவில்லை, சந்தேகம்தான் பட்டேன். அவள் ஊரில் நடந்த கல்யாணத்தைப் போனில் காட்டினாய். அந்தப் பாதிரியார் நிஜப் பாதிரியாரா, வாடகைக்குக் கூட்டி வந்த ஆளா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அம்மா என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள மொகம் நல்ல மொகமுங்க. உங்க மொகந்தான் செரியில்ல" என்றாள். பாப்பா பிறந்ததும் அவள் ஊரில்தான். அங்கேயே பாப்பாவுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டீர்கள். ஒரே வீட்டில் மூன்று பேர், அதற்குள் இரண்டு நாடு. என் பேத்தி வேற்று நாட்டுக்காரி என்பதை நான் லாரிக்காரர்களிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பாஸ்போர்ட் என்ன வேலை செய்யும், என்ன வேலை செய்யாது என்று யோசிக்கவில்லை.

மாலேயிலிருந்து திருச்சிக்கு வர, கொழும்பில் விமானம் மாற வேண்டும் என்றாய். டிக்கெட்டை நீயே செல்போனில் போட்டுக்கொள்கிறேன் என்றாய். நான் விட்டேனா? முகம் தெரியாத கம்பெனிக்குச் செல்போனில் பணம் கட்டுவதாவது, ராசிபுரத்தில் எனக்குத் தெரிந்த டிக்கெட் கடைக்காரர் இருக்கும்போது! நான் ஓட்டின லாரிக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஆள். முகம் தெரியாதவனையெல்லாம் சந்தேகப்பட்டவன், முகம் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அவரைச் சந்தேகப்படவில்லை. அவர் மாலேயிலிருந்து கொழும்புக்கு ஒரு கம்பெனி, கொழும்பிலிருந்து திருச்சிக்கு இன்னொரு கம்பெனி என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டார். அப்படிப் போட்டால் மலிவு என்றார். மலிவு என்றால் ஏன் மலிவு என்று கேட்க வேண்டும். டயர் வாங்கும்போது கேட்பேன். இதைக் கேட்கவில்லை.

இரண்டு டிக்கெட் என்றால் கொழும்பில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த கம்பெனியின் கவுண்டரில் மறுபடி போட வேண்டுமாம். வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் காலை வைப்பது. காலை வைப்பதற்கு அந்த நாட்டின் அனுமதி வேண்டும், அதுவும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனியாக. உனக்கு அது இருந்தது. மரிசெலுக்கும் பாப்பாவுக்கும் இந்தியாவுக்கு விசா இருந்தது, நடுவில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிற நாட்டுக்கு ஒன்றும் இல்லை. மாலேயிலேயே கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். நீ அங்கேயே நின்று போனில் விண்ணப்பம் போட்டுப் பார்த்தாய், பதில் வரவில்லை, கவுண்டரை மூடப் போகிறார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தலும் கெடாவும்தான். மருமகளையும் பேத்தியையும் ஊருக்குக் காட்டக் கெடா விருந்து வைத்திருந்தேன். நாமகிரிப்பேட்டையிலிருந்தும் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் உன் போன்.

"அப்பா, இவங்க ரெண்டு பேரையும் உடமாட்டேங்கறாங்க."

"யாரு?"

"ஏர்போர்ட்ல. கொழும்புக்கு விசா இல்லையாம்."

"கொழும்புக்கு யாரு போறா? நம்மூட்டுக்குத்தான வாரீங்க?"

"அங்க எறங்கி மாறோணும்ப்பா."

"சேலத்துல எறங்கி நாமக்கல் பஸ்சு மாறறவனச் சேலத்துக்காரன் எவனாச்சும் விசா கேட்டிருக்கானா?"

உனக்குப் பின்னால் பாப்பா அழுகிற சத்தம் கேட்டது. பந்தலில் சமையல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "சாமி, சொந்தம் பூராவும் ஊட்ல உக்காந்திருக்குது. நா எந்த மூஞ்சிய வெச்சுக்கறது? நீயாவது வா."

நீ வந்தாய். திருச்சியில் உன்னைத் தனியாகப் பார்த்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தேகம். எந்தச் செக்போஸ்டில் லாரியை விட்டுவிட்டு லோடை மட்டும் நிறுத்துவான்? கைக்குழந்தைக்காரியைத் தடுத்தார்களாம், கட்டுமஸ்தான ஆளை விட்டார்களாம். சினிமாவில் சொன்னால்கூடச் சிரிப்பார்கள். உங்களுக்குள் சண்டை, அவள் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டாள், நீ மறைக்கிறாய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். விருந்தில் நீ சாப்பிட்டதையும் கவனித்தேன். மனைவியை விட்டுவிட்டு வந்தவன் இரண்டாம் தரம் குழம்பு கேட்டாய். அது வேறு ஒரு சந்தேகம்.

நீ திரும்பிப் போன பிறகு கண்ட நேரத்தில் வீடியோ போன் போட்டேனே, அதெல்லாம் பாசத்தால் என்று நீ நினைத்திருந்தால் நினைத்துக்கொள். "சமயக்கட்டக் காட்டு சாமி, எப்படி இருக்குதுன்னு பாப்பம்" என்பேன், அங்கே பொம்பளை புழங்குகிற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு தடவை வாசலில் கிடக்கிற செருப்பைக் காட்டச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ காட்டினாய். சின்ன அளவில் ஒரு ஜோடி கிடந்தது. புதுச் செருப்பு. எனக்குக் காட்டுவதற்காகவே வாங்கிப் போட்டிருக்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "அவன் பொய்யே சொல்லுல. வாழப்பாடியில என்னிய உட்டுட்டுப் போன மாதிரியே உங்க பையனும் உட்டுட்டு வந்திருக்கான். அவ்வளவுதான்" என்றாள்.

அந்த வாழப்பாடிக் கதையை உன் அம்மா உன்னிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறாளோ தெரியாது, நடந்தது இதுதான். கல்யாணமான புதிதில் ஆத்தூரில் அவள் சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். வாழப்பாடியில் பஸ் நின்றது. அவள் பூ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கினாள். நான் முன்னால் போய் டிரைவரோடு கியர் பாக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பஸ் கிளம்பிவிட்டது. ஆத்தூரில் இறங்கி, "வா போலாம்" என்று திரும்பினால் ஆள் இல்லை. அவள் அடுத்த பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டிருக்கிறார், டிக்கெட் என் சட்டைப் பையில். முந்தின பஸ்ஸில் போன வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்று இவள் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் டிக்கெட் அவள் கையில்தான். டவுன் பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் சரி.

ரொம்ப நாள் கழித்து, கடைக்கு டியூப் வாங்க ராசிபுரம் போனவன், அந்த டிக்கெட் கடையில் சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று நுழைந்தேன். என் பையன் குடும்பத்தைப் பிரித்தவன் நீதான் என்று கூச்சல் போட்டேன். அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார், என்னை முழுசாகக் கத்தவிட்டார்.

"ஏனுங்க, முடிச்சுட்டீங்களா? நா ஒண்ணு கேக்கறேன். இலங்கைக்கு அனுமதி எத்தன பேருக்குப் போடறதுன்னு உங்ககிட்டக் கேட்டனா இல்லீங்களா?"

"கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. நீங்க என்ன சொன்னீங்க? குடும்பத் தலைவன் பேர்ல ஒண்ணு போதும், மித்தவங்க அவங்கூடத்தான வாராங்கன்னீங்க. ரேசன் கார்டுல தலைவன் போட்டோ மட்டுந்தான இருக்குதுன்னு எனக்கு ஒதாரணம் வேற சொன்னீங்க."

சொன்னேன், சாமி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு நினைவு வந்துவிட்டது. வாளையார் செக்போஸ்டைப் பற்றியும் சொன்னேன். பர்மிட் லாரிக்குத்தான், கேபினில் டிரைவர், கிளீனர், கிளீனரின் மச்சான் என்று எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கொரு பர்மிட் எவன் கேட்பான் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். நீ இந்தியன், உன் காகிதம் சரியாக இருந்தால் உன் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் உன் கணக்கில் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். தெரிந்தும் தலையாட்டிவிட்டு என் பேச்சைக் கேட்டுப் போட்ட அவர் மீதும் தப்பு இருக்கிறது, அதை நான் விடப் போவதில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் குடும்பம் என்று ஒரு வண்டி கிடையாது, ஆளுக்கொரு வண்டி, பாப்பாவுக்கும் தனி நம்பர் பிளேட் என்று அன்றைக்கு அவர் கடையில்தான் எனக்கு உறைத்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நீயும் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருந்தேன்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் மரிசெல் கையில் எடுத்துக்கொண்டாள் என்று நீ சொன்னாய். மாலேயிலிருந்து திருச்சி வரைக்கும் ஒரே டிக்கெட், பெட்டி நேராகத் திருச்சிக்கு, கொழும்பில் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்து மாறினால் போதும் என்று விமானக் கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியிருந்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு அனுமதி வேண்டாம் என்று சொன்ன பிறகும், மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கொழும்பு அனுமதி போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த விமானம் ரத்தாகி ஓட்டலில் தங்கச் சொன்னால் அப்போது எங்கே போவது என்று கேட்டாளாம். சாமி, அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவள் நம் வீட்டு மருமகள் என்று எனக்குத் தோன்றியது. என்னைவிடச் சந்தேகக்காரி.

ஆனாலும் திருச்சியில் என்ன ஆயிற்று? உன் அம்மாவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், முதலில் யார் வருகிறார்கள்? நீ. தள்ளுவண்டியில் பெட்டிகளோடு, தனியாக, முன்தடவை வந்த அதே மாதிரி. உன் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "எங்கடா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வேறு யார் வீட்டுப் பிள்ளையோ அழ ஆரம்பித்தது.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு வேற லைன்ப்பா. வாரா."

"கூட நிக்காம நீ எதுக்குடா வந்த?"

"அவதாம்ப்பா பொட்டி எடுக்கப் போகச் சொன்னா."

நான் அதை நம்பவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வேறு யாரோ வந்தார்கள். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வந்தாள். இடுப்பில் பாப்பா, வயிற்றில் ஒரு சின்னத் துணிப் பை, நடையில் ஒரு அவசரமும் இல்லை. உன் அம்மா கம்பிக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். காவலுக்கு நின்றவர் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வயிற்றுப் பைதான் அப்புறம் என் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்தும் அவள் அதைக் கழற்றவில்லை. தோசை ஊற்றும்போது பை, குலதெய்வம் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை அடிக்கும்போது பை, கோழிக்குத் தீனி போடும்போதும் பை. நம் வீட்டில் பீரோ இருக்கிறது, அதற்குப் பூட்டு இருக்கிறது, சாவி உன் அம்மா இடுப்பில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு? பாஸ்போர்ட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறவள் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? போன தடவை விட்டுவிட்டு வந்தவனை அவள் மன்னிக்கவில்லை, ஊரைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் நாட்டுக்கே போய்விடுவாள் என்று நான் நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் எதற்கெடுத்தாலும் சிரிப்பது வேறு பயமாக இருந்தது. ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள் கோபம் வந்தாலும் சிரிப்பார்கள் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

உன் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "உங்குளுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்று போய்விட்டாள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், நீ நாமக்கல்லுக்கு முட்டைப் பண்ணை வைத்திருக்கிற உன் சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்தாய். மரிசெல் எனக்குக் கடைக்கு டீ கொண்டு வந்தாள். ஊர் வாயில் அவள் மாரிசெல்வி ஆகிவிட்டாள். மாரிசெல்வி, மாரிசெல்வி என்று வழியெல்லாம் கூப்பிட்டு நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்கள், டீ ஆறிப்போயிருந்தது. நான் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"அம்மிணி, அந்தப் பையி... எந்நேரமும் எதுக்கு?"

"பாஸ்போர்ட், மாமா."

"நம்மூட்ல பீரோ இருக்குது."

"தெரியும். அத்தை சாவி காட்டினாங்க."

அவள் டீயை ஓரமாக வைத்தாள். அப்புறம் பையைத் திறந்து, தொட்டி ஓரத்தில் ஈரம் இல்லாத இடமாகத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்தாள். சிவப்பில் ஒன்று, அவளுடையது. சிவப்பில் இன்னொன்று, பாப்பாவுடையது. மூன்றாவதாக நீலத்தில் ஒன்று. அது உன்னுடையது.

"இது என்கிட்ட இருந்தா, அவர் தனியா ஏற முடியாது" என்றாள். "கவுண்டர்ல மட்டும் குடுப்பேன். ஸ்டாம்பு அடிச்சதும் வாங்கிடுவேன். அத்தை சொன்னாங்க. வாழப்பாடி கதை சொன்னாங்க."

பார், நான் எந்தத் திசையில் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்று! அவள் போய்விடுவாள் என்று நான் பயந்தேன், நீ போய்விடுவாய் என்று அவள் பயந்து உன் பாஸ்போர்ட்டை வயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அம்மாவும் அவளும் ஒருத்தி பாஷை ஒருத்திக்குப் பாதிதான் தெரிந்தும், போனிலேயே இதைப் பேசி முடித்திருக்கிறார்கள், உனக்கும் எனக்கும் தெரியாமல். அந்த நேரத்தில்தான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றி, சொல்லிவிட்டேன்.

"அம்மிணி, போன தடவ அவன் மேல தப்பில்ல. நீயாவது வான்னு சொன்னது நாந்தான்."

"தெரியும் மாமா" என்றாள். "போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு."

ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போதே இவ்வளவு தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவள் மூன்று பாஸ்போர்ட்டையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். போகும்போது திரும்பி, அந்தச் சிரிப்போடு கேட்டாள்.

"கெடா நல்லா இருந்துச்சா?"

"உப்புக் கம்மி" என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது உனக்கு. நீ இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நான் சந்தேகப்படுகிறேன். கேட்டிருந்தால் உன் பாஸ்போர்ட் உன் பையில் இருந்திருக்கும். அப்பா சொன்னார், அதனால் வந்தேன் என்று ஆரம்பிக்காதே. அது அவள் காதாலேயே கேட்டது, புதுச் செய்தி இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கவுண்டரிலிருந்து ரூமுக்கு அவள் எப்படித் திரும்பிப் போனாள், யார் பெட்டியை இழுத்தார்கள், அதைக் கேள். நான் கேட்க முடியாது, நீ கேட்கலாம். இனி எங்கே போனாலும் மூன்று பேருக்கும் தனித்தனியாக விசாரி. ஏறுகிற நாட்டில் என்ன கேட்பார்கள், மாறுகிற நாட்டில் என்ன, இறங்குகிற நாட்டில் என்ன என்று அந்தந்த நாட்டுத் தூதரகத்திலும் விமானக் கம்பெனியிலும் நேராகக் கேள், டீக்கடையில் கேட்காதே, என்னிடம் கேட்கவே கேட்காதே. போன தடவை விட்டார்கள் என்று நம்பிப் போகாதே, விதி மாறினால் உன் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். கைக்குழந்தைதானே என்று நினைக்காதே, கேட்டில் நிற்கிறவருக்கு அவளும் ஒரு முழு ஆள். பாப்பா பேரும் உன் பேரும் வேறு வேறு நாட்டுக் காகிதத்தில் இருப்பதால் கல்யாணச் சான்றும் பிறப்புச் சான்றும் கையோடு இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டி போன பிறகு தேடாதே. எவனாவது "ஒண்ணும் ஆகாது, பாத்துக்கலாம்" என்றால் அவனை விட்டு நகர்ந்து நில். இவ்வளவும் சரியாக இருந்தும் ஒருத்தரை நிறுத்தினால், மூன்று பேரும் நில்லுங்கள். இங்கே கெடா வெட்டினால் வெட்டட்டும், பந்தலைப் பிரித்தால் பிரிக்கட்டும், நான் போனில் என்ன கத்தினாலும் கத்தட்டும். ஊருக்குச் சொல்ல அம்மை இல்லாவிட்டால் வேறு ஏதாவது கிடைக்கும்.

அடுத்த லீவுக்கு எங்களை மாலேக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கடல் நடுவில் ஒரு ஊர் எப்படி நிற்கிறது என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை, ஆனாலும் வருவதாக உன் அம்மா முடிவு செய்துவிட்டாள். நீங்கள் கிளம்பின அன்று காலையில், டிக்கெட்டில் பேரைச் சரியாகப் போட வேண்டும் என்று மரிசெல் எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டாள். உன் அம்மா தன்னுடையதைக் கையிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னாள். நான் என்னுடையதை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குக் காற்று பார்க்கப் போனேன். நீங்கள் மாலே போய்ச் சேர்ந்த பிறகு பீரோவில் தேடினேன், இல்லை. அவளுக்குப் போன் போட்டேன். பையைத் திறந்து பார்த்தாள். சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு இருந்தன. கொழும்பில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். என் பாஸ்போர்ட் மாலேயில் இருக்கிறது. நான் இங்கே நம் புதுச்சத்திரத்தில் இருக்கிறேன். எங்களுக்கு இப்போதைக்கு டிக்கெட் போட வேண்டாம்.

அப்பா